கைகள் சும்மா இருக்க முடியாத நாட்கள்: குழந்தையை இழந்தவர்களின் பேக்கிங் கேள்விகளுக்குப் பதில்

வயிற்றிலேயே போன குழந்தை, பிறந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ போன குழந்தை. அதன் பிறகு பேக்கிங் பக்கம் வந்தவர்களும் அவர்களோடு இருப்பவர்களும் கேட்டவை இவை. அளவுகள் பெரும்பாலும் கிராமில்தான். தராசு இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மனம் கலங்கியிருக்கும்போது எத்தனை கப் போட்டோம் என்பது மறந்துபோகும். தராசில் எண் கண்முன் நிற்கும்.

கேள்வி: 7 மாசத்துல குழந்தை வயித்துலயே இறந்துடுச்சு. 5 வாரம் ஆகுது. நான் பேக்கிங் செஞ்சதே இல்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

நெய் பிஸ்கட்டில் ஆரம்பியுங்கள். அழுகை எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கெடாத பண்டம் எது? கேக் மாவில் பேக்கிங் பவுடர் நனைந்த நொடியே வேலை தொடங்கிவிடும், அது உங்களுக்காகக் காத்திருக்காது. பிஸ்கட் மாவு காத்திருக்கும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் அப்படியே இருக்கும்.

மைதா 125, பொடித்த சர்க்கரை 60, நெய் 80, ஏலக்காய்ப் பொடி கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. நெய் உருகியிருக்கக் கூடாது, உறைந்து மணல் மணலாக இருக்க வேண்டும். நெய்யையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை 3 நிமிடம் குழைத்து, மைதாவைச் சலித்துப் போட்டு, பிசையாமல் விரலால் சேர்த்துப் பிடியுங்கள். 12 கிராம் உருண்டையாக உருட்டினால் 22 வரும். லேசாகத் தட்டி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓடிஜியை (மேசையில் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) 160 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் 16 முதல் 18 நிமிடம். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைப்பதால்தான் பலருக்கும் கருகுகிறது.

தட்டில் பரவி ஓடினால் நெய் இளகியிருந்தது என்று பொருள். உதிர்ந்தால் இன்னும் ஒரு டீஸ்பூன் நெய். அடிப்பக்கம் மட்டும் கருகினால் கீழ்க் கம்பியின் சூடு அதிகம். தட்டின் அடியில் இன்னொரு தட்டை வையுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கர்ல வருமா?

வரும். 5 லிட்டர் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, ஒன்றரை கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட். தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி 10 நிமிடம் மிதமான தீ, பிறகு டின்னை வைத்துச் சிறு தீ. கேக்குக்கு 40 நிமிடம் ஆகும், பிஸ்கட்டுக்கு 20. மேல்பக்கம் சிவக்காது, அது குறை இல்லை. தினமும் சமைக்கும் குக்கரைப் பயன்படுத்தாதீர்கள், வெறும் சூட்டில் அடி வளைந்துவிடும்.

கேள்வி: சிசேரியன் ஆகி 12 நாள். பால் கட்டிக்கிட்டு வலிக்குது. பிரட் மாவு பிசையலாமா அக்கா?

இப்போது வேண்டாம் அம்மா. பிசையும்போது தோளும் மார்பும் வயிறும் ஒன்றாக அழுத்தப்படும். 6 வாரம் வரை கனமான பாத்திரமும் 5 கிலோ மாவுப் பையும் தூக்க வேண்டாம். உட்கார்ந்தபடி உருட்டும் பிஸ்கட் போதும்.

பாலுக்கு: குளிர்ந்த ஒத்தடம், இறுக்காமல் தாங்கும் உள்ளாடை, வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சமாகப் பீய்ச்சுவது. முழுவதும் எடுத்தால் உடம்பு மறுபடி சுரக்கும். மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொன்னால் கட்டலாம், ஆனால் துணியை முறுக்கிக் கட்டக் கூடாது. ஒரு இடம் சிவந்து சூடாகி, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் நிற்க மாத்திரை கேட்கும்போது, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். அப்படி இருந்தவர்களுக்கு எல்லா மாத்திரையும் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு பிஸ்கட்டுக்குத் தேநீர் வேண்டாம், 2 மணி நேரம் கழியட்டும். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: கேக் நடுவுல குழிஞ்சுடுச்சு. 15ஆவது நிமிஷம் திறந்து பார்த்தேன். இதுகூட என்னால ஒழுங்கா செய்ய முடியலன்னு தரையில உட்கார்ந்து அழுதேன்.

நடுப்பகுதி இறுகும் வரை கேக்கைத் தூக்கி நிறுத்துவது உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும்தான். கதவைத் திறந்ததும் சூடு இறங்கி, அது சுருங்கி, இறுகாத மாவு கீழே உட்கார்ந்துவிட்டது. 25 நிமிடம் வரை திறக்காதீர்கள். 100 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு மேல் போனாலும் வேகமாக எழும்பி விழும். ஓடிஜியின் திருகில் 170 என்று இருந்தாலும் உள்ளே 150ஆகவோ 190ஆகவோ இருக்கலாம், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். குழிந்த கேக்கை உதிர்த்து, காய்ச்சிய பாலில் கஸ்டர்டு போட்டு அதன் மேல் ஊற்றினால் புட்டிங்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேக் குழிந்தால் காரணம் தேடலாம், கிடைக்கும், அடுத்த முறை திருத்தலாம். அதே தேடலை வயிற்றுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பப்பாளி சாப்பிட்டாயா, மாடி ஏறினாயா என்று ஊர் கேட்கும். முதல் 3 மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் கோளாறால் போகின்றன, அதை எந்தத் தாயாலும் தடுத்திருக்க முடியாது. மாதம் கூடிய பிறகு இறந்த குழந்தைகளிலும், எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் போவது உண்டு. ஓவன் உங்கள் கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பெட்டி அல்ல.

கேள்வி: துக்க வீட்ல கேக் எதுக்குன்னு மாமியார் கேக்கறாங்க. தீட்டுன்னு வேற சொல்றாங்க.

தீட்டுக் கணக்கில் அவரோடு வாதாடி இப்போது உங்கள் தெம்பை வீணாக்க வேண்டாம். அந்த நாட்கள் முடியட்டும். பிறகும் கேக் அவர் கண்ணை உறுத்தினால் பன் சுடுங்கள். நம் ஊரில் பன்னும் பிரட்டும் ஆஸ்பத்திரிக்கு வாங்கிப்போகும் பண்டம், யாரும் அதைக் கொண்டாட்டமாகப் பார்ப்பதில்லை.

மைதா 300, கைபொறுக்கும் சூட்டில் பால் 190, சர்க்கரை 30, வெண்ணெய் 25, உப்பு 5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4. வெண்ணெயைக் கடைசியில் சேர்த்து 12 நிமிடம் பிசையுங்கள். சென்னை வெயிலில் 45 நிமிடத்தில் இரட்டிப்பாகும், ஊட்டியில் 2 மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். 8 உருண்டையாக்கி மறுபடி உப்பவிட்டு, பால் தடவி, 180 டிகிரியில் 17 நிமிடம். உப்பவே இல்லையென்றால் பால் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும், அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். முதல் பன்னை மாமியாருக்குக் கொடுங்கள். பேரக்குழந்தையை இழந்தவர் அவர்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துடுது. குழந்தை பாலுக்கு எழும் நேரம்னு மனசுக்குள்ள ஓடுது. அப்ப ஏதாவது செய்யணும் போல இருக்கு.

பிசையாத ரொட்டி இருக்கிறது. சத்தமே வராது. மைதா 300, குளிர்ந்த தண்ணீர் 210, உப்பு 6, ஈஸ்ட் கால் டீஸ்பூன். கரண்டியால் கலக்கி மூடிவிட்டுப் படுங்கள், 5 நிமிட வேலை. அறை 30 டிகிரி இருந்தால் காலை 8 மணிக்கு மேலெல்லாம் குமிழாக நிற்கும். மாவு தொட்ட கையால் மடித்து உருட்டி, 40 நிமிடம் விட்டு, ஓவனில் 230 டிகிரியில் சூடாக்கிய கனமான மூடிபோட்ட பாத்திரத்தில் 25 நிமிடம் மூடியும் 15 நிமிடம் திறந்தும் வையுங்கள். மூடியின் கைப்பிடி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது.

இரவில் கலப்பது மட்டும்தான். ஓவனைக் காலையில் போடுங்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயமாக. மே மாதத்தில் புளித்து வழிந்துபோனால் ஈஸ்டைப் பாதியாக்குங்கள். வழிந்த மாவையும் எறிய வேண்டாம், தட்டில் எண்ணெய் தடவிப் பரப்பி, வெங்காயம் தூவி 220 டிகிரியில் 20 நிமிடம் சுட்டால் தட்டை ரொட்டியாகிவிடும்.

கேள்வி: என் மனைவி தினமும் செய்யறா. தானும் சாப்பிடறதில்ல, எங்களையும் கூப்பிடறதில்ல. பாதி குப்பைக்குப் போகுது. தடுக்கணுமா?

செய்வதைத் தடுக்காதீர்கள். வீணாகாமல் இருக்க வழி பாருங்கள்: அளவைப் பாதியாக்கலாம், மாவை உருட்டி ஃப்ரீசரில் வைக்கலாம், பக்கத்துப் பிளாட் வாட்ச்மேனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்தக் கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று “குழந்தை எப்படி இருக்கு?” என்ற கேள்வியை வாங்க அவரால் முடியாது. “சூப்பரா இருக்கு” என்பதைவிடத் தட்டைக் கழுவி வைப்பது மேல். மாவு நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் குழந்தையும்தானே, உங்கள் கைக்கும் வேலை வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. 2 வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லை, குளிப்பதில்லை, பேக்கிங்கிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். “நானும் போயிடறேன்” என்று ஒரு முறை சொன்னாலும் தனியாக விடாதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926.

கேள்வி: பொண்ணு 900 கிராம். கையில கொடுத்தாங்க, 10 நிமிஷம்தான். அதே எடையில ஒரு ரொட்டி சுடணும்னு தோணுது. தப்பா?

தப்பில்லை. கணக்கு இதோ. வேகும்போது நீர் ஆவியாகி மாவு எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். ஆறிய பின் 900 வேண்டுமென்றால் மாவு 1,023 இருக்க வேண்டும்: மைதா 575, பால் 357, சர்க்கரை 35, வெண்ணெய் 40, உப்பு 10, ஈஸ்ட் 6. பன் மாவைப் போலவே பிசைந்து உப்பவிட்டு, இரண்டு 8 அங்குல பிரட் டின்னில் பாதிப் பாதியாக, 185 டிகிரியில் 30 நிமிடம். தட்டினால் கும்மென்று சத்தம் வர வேண்டும். 20 கிராம் முன்பின் ஆகும்.

ஒரே ரொட்டியாக வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றாகச் சுட்டால் அதை வெட்ட யாருக்கும் கை வராது, பூசணம் பிடிக்கும்போது இன்னும் பெரிய வலி. யார் வெட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். அன்று தனியாக இருக்காதீர்கள்.

கேள்வி: மூத்தவனுக்கு 5 வயசு. கூட உருட்டறான். “தம்பிக்கு ஒண்ணு” ன்னு எடுத்து வைக்கறான்.

வைக்கட்டும். “தம்பி இறந்துட்டான், சாப்பிட முடியாது, நாம அவனை நெனச்சு வைக்கலாம்” என்று நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறான் என்று சொன்னால் பிள்ளை தூங்கவே பயப்படும். சாயங்காலம் அதைக் காக்கைக்கு வைப்போம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெனிலா வாசம் வந்தாலே பேபி பவுடர் ஞாபகம். கை நடுங்குது.

அந்த மணக்கலவைகளில் வெனிலா வாடை உண்டு. பாட்டிலைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். முட்டை வாடையை மறைக்க ஆரஞ்சுத் தோல் துருவல் ஒரு டீஸ்பூன் போதும். ஏலக்காய், ஜாதிக்காய், காபித் தூள் எதுவும் ஆகும்.

கேள்வி: டியூ டேட் அடுத்த மாசம் வருது. அன்னிக்கு ஏதாவது செய்யலாமா?

சிறிய கேக் ஒன்று. 6 அங்குல டின்: வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 100, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். வெண்ணெயும் முட்டையும் அறைச் சூட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் திரியும். 170 டிகிரியில் 35 நிமிடம். அன்று ஓவன் பக்கம் போக முடியாது என்று தோன்றினால் முந்தின நாளே சுட்டுவிடுங்கள், மறுநாளும் நன்றாகவே இருக்கும். பெயர் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள். அன்று முடியவே இல்லையென்றால் அக்டோபர் 15 இருக்கிறது. பல நாடுகளில் குழந்தையை இழந்தவர்கள் அன்று இரவு 7 மணிக்கு விளக்கேற்றுகிறார்கள். மிஞ்சும் கேக்கைத் துண்டு போட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். 2 மாதம் தாங்கும், வேண்டிய அன்று ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.