அஞ்சடி முதல் கூரை ஓடு வரை: ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் பற்றிச் சில கேள்விகள்

ஜூலை நெருங்கினால் கடிதங்கள் கூடிவிடும். மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை. விடுமுறை நாளில்தான் பழைய கடைவீட்டின் கூரையை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கிறது போலும். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில்.

லெபோ குவீனில் தாத்தா விட்டுச் சென்ற கடைவீடு இருக்கிறது. "யுனெஸ்கோ கட்டடம், ஆணிகூட அடிக்க முடியாது" என்கிறார் அண்ணன். உண்மையா?

ஆணி தாராளமாக அடிக்கலாம். யுனெஸ்கோவிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. அனுமதி தருவதும் மறுப்பதும் பினாங்குத் தீவு மாநகர் மன்றம்தான். 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்தை வைத்துக்கொண்டு அது முடிவெடுக்கிறது. பாரம்பரிய மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றியுள்ள இடைப்பகுதி 150.04 ஹெக்டர். உங்கள் தெரு மையப் பகுதிக்குள் வருகிறது.

அந்தத் திட்டம் ஒவ்வொரு மனையையும் நான்கில் ஒன்றாக வைத்திருக்கிறது. முதல் வகை, கோயில், பள்ளிவாசல், பெரிய சங்க இல்லங்கள் போன்ற மிகச் சிறப்பான கட்டடங்கள். இரண்டாம் வகை, காக்க வேண்டிய கட்டடங்கள். கடைவீடுகளில் பெரும்பாலானவை இதில்தான். மூன்றாவது, காலி மனை. நான்காவது, பாரம்பரிய மதிப்பில்லாத கட்டடம் நிற்கும் மனை. அதை இடித்துப் பொருத்தமாகக் கட்டலாம். உங்கள் வீடு எதில் என்று தெரியாமல் ஒப்பந்தக்காரரை அழைத்துப் பேசுவது வீண் வேலை. வீட்டு எண்ணோடு மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேளுங்கள், சொல்வார்கள்.

இரண்டாம் வகை என்றால் முகப்பு, கூரையின் வடிவம், பொதுச்சுவர், நடுமுற்றம், மரப்படி ஆகியவற்றில் கை வைக்கும் முன் கேட்டாக வேண்டும். சமையலறையை மாற்றுவது, குளியலறை சேர்ப்பது, மின்கம்பி புதுப்பிப்பது எல்லாம் முடியும், அனுமதியோடு. உள்ளே எதுவுமே மாறக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள்.

கீழ்த்தளச் சுவரில் எப்போதும் ஈரம். இரண்டு தடவை சிமெண்டுப் பூச்சு போட்டும் ஒரு வருடத்தில் உரிந்துவிடுகிறது. எந்தக் கம்பெனி சாயம் நல்லது?

சாயத்தை மறந்துவிடுங்கள். உங்கள் சுவரைக் கெடுப்பதே அந்தச் சிமெண்டுதான்.

பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. ஜார்ஜ்டவுன் கடலோர ஊர், நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. சுவர் அதை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை உறிஞ்சிய ஈரம் வழியிலேயே காற்றில் போய்விடும். சிமெண்டு பூசியதும் வெளியேற வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, கூடவே உப்பையும் கொண்டுபோகிறது. முழங்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது பூஞ்சையல்ல, உப்பு. விரலால் தொட்டால் மாவாக உதிரும். அந்த உப்பு உறையும்போது செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே செங்கல்லை விட்டுவிட்டது.

ஒழுங்கு இதுதான்: முதலில் தண்ணீர் வரும் வழிகளை அடைத்துவிடுங்கள். ஒழுகும் பீலி, உடைந்த சாக்கடை, பின்பக்கத்துக் குழாய். பிறகு ஈரக் கறைக்கு அரை மீட்டர் மேல் வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். சுவர் காய மாதக் கணக்கில் ஆகும், இந்தக் கட்டத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போய்விடுகிறது. உப்பு அதிகமென்றால் நனைத்த காகிதக்கூழை அப்பி, காய்ந்ததும் எடுத்து, உப்பை இழுக்கலாம். அதன் பிறகே சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, மெல்லிய அடுக்குகளாக. மேலே சுண்ணாம்புச் சாந்து அல்லது ஈரம் விடும் சாயம். பளபளக்கும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம்.

தரையையும் பாருங்கள். பழைய சுட்ட ஓட்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டும் மார்பிளும் போட்டிருந்தால், தரை வழியே போக வேண்டிய ஈரமும் சுவரைத்தான் தேடி வரும். செட்டிநாட்டுப் பூச்சுபோல முட்டை வெள்ளைக்கரு சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை, இந்தச் சுவருக்கு அது தேவையில்லை.

அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு மாலைக்கடை நடத்துகிறோம். கட்டடம் கைமாறிவிட்டது, காலி செய்யச் சொல்கிறார்கள். பாரம்பரியச் சட்டம் எங்களைக் காக்காதா?

காக்காது. கசப்பாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் சுவரையும் கூரையையும் பார்க்கிறது; உள்ளே யார் எத்தனை தலைமுறையாகப் பூத் தொடுக்கிறார்கள் என்பது அதன் கணக்கில் வராது. பல இன மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் ஊர் என்பதும் ஜார்ஜ்டவுன் பட்டியலில் இடம்பெற ஒரு காரணம். அதை நினைத்தால் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

முன்பு உங்களைப் போன்றவர்களுக்கு நிழலாக இருந்தது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவோ ஆளை வெளியேற்றவோ அது எளிதில் விடவில்லை. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு இடைக்காலமும் தீர்ந்தது. 2000 பிறந்ததும் ஆயிரக்கணக்கானோர் பழைய நகரத்தை விட்டுப் போனார்கள். அதே குறைந்த வாடகையால் பராமரிக்கக் காசில்லாமல் பாழான கட்டடங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் வில்லன்கள் அல்லர்.

இப்போது உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம் மட்டுமே. எழுத்தில் இருக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா, முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மற்ற வாடகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் குறைந்த வாடகையையும் நிலப்பட்டாவில் குறிக்கச் செய்யலாம். கட்டடம் விற்கப்பட்டாலும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். வாய்ப்பேச்சை நம்பி இருக்காதீர்கள். இந்து அறப்பணி வாரியம், வக்ஃபு போன்ற அறநிலையச் சொத்தில் இருப்பவர்கள் வாரியத்தோடு நேரடியாகப் பேசிப் பார்க்கலாம். தனியாரைவிட அங்கே பேச இடம் உண்டு.

கடைமுன் மூடு நடைபாதையான அஞ்சடியில் இரண்டு மேசை போட்டு மசாலாப் பொட்டலம் வைக்கிறேன். அதிகாரிகள் வந்து எடுக்கச் சொல்கிறார்கள். அது என் கடையின் பகுதிதானே?

நிலம் உங்கள் பட்டாவில் இருக்கலாம், வழி பொதுமக்களுடையது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியை மறிப்பதைக் குற்றமாக்குகிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கத்தான் அதைக் கட்டினார்கள். சக்கர நாற்காலி போகும் அளவாவது வழி விட்டுப் பேசிப் பாருங்கள். சுவர் எழுப்பி அடைத்தவர்களைவிட உங்கள் மேசை எவ்வளவோ மேல், ஆனால் உரிமை என்று வாதாட இடமில்லை.

புதிய விளம்பரப் பலகையில் தமிழைப் பெரிதாகப் போட ஆசை. அனுமதிப்பார்களா?

தமிழ் இருக்கலாம், மலாய் முதன்மையாக இருக்க வேண்டும். மலாய் வாசகத்தை மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவில் சரிபார்த்துக்கொண்டு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். எழுத்தின் அளவைவிடப் பலகை உட்காரும் இடம்தான் பாரம்பரியப் பகுதியில் சிக்கலாகும். மேல்மாடி ஜன்னலை மறைத்து, சுதை வேலைப்பாட்டை மூடி, முகப்பு முழுக்க நெகிழிப் பலகை மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள். பழைய வழக்கத்தையே பாருங்களேன்: அஞ்சடித் தூணில் செங்குத்தாகக் கடைப்பெயர், வாசலுக்கு மேல் கிடையாக ஒரு மரப்பலகை. அதில் தமிழ் எழுத்து அழகாகவே உட்காரும்.

பக்கத்தில் உயரமான ஓட்டல் இருக்கிறது. நான் மட்டும் ஏன் மூன்று மாடி சேர்க்கக் கூடாது?

பழைய கட்டடத்தின் தலையில் மாடி ஏற்றுவது நடக்காது. காலி மனையில் கட்டினாலும் உச்சவரம்பு 18 மீட்டர், ஐந்து மாடி. பக்கத்தில் தாழ்ந்த கடைவீட்டு வரிசை இருந்தால் அதுவும் கிடைக்காது. உயரமாக நிற்பவற்றில் பல பட்டியலுக்கு முன்பே வந்தவை. 18 மீட்டரைத் தாண்டி அனுமதி பெற்றிருந்த ஓட்டல் திட்டங்களால் ஊர் பட்டியலில் ஏறிய கையோடு பெரிய சர்ச்சையே வந்தது. 2009இல் யுனெஸ்கோவின் ஆய்வுக் குழு நேரில் வந்து பார்த்தது. வீண் பயமும் இல்லை அது. அதே 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஒரு பாலத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021இல் லிவர்பூல் துறைமுகப் பகுதிப் புதுக் கட்டடங்களால் இடத்தை இழந்தது.

மாடி சேர்க்காமல் கடையைத் தங்கும் விடுதியாக மாற்றுவதற்கும் திட்ட அனுமதி வேண்டும். பயன்பாட்டை மாற்றுவதும் சட்டத்தின் பார்வையில் மேம்பாடுதான். தீயணைப்புத் துறையின் நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்; மரத்தளம், ஒரே மாடிப்படி உள்ள வீட்டில் செலவு அங்கேதான் ஏறும்.

மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஏன் வாக்கில்லை? எங்கள் தெருவைப் பற்றி அவர்கள் முடிவெடுக்கும்போது நாங்கள் எங்கே போய்ப் பேசுவது?

இருந்தது, போய்விட்டது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தலை நடத்தியதே ஜார்ஜ்டவுன்தான். 1957 ஜனவரி 1 அன்று அது மாநகரானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி. எஸ். இராமநாதன். 1965இல் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இன்று உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. இந்திய வணிகர் தெருக்களுக்குப் பேச ஒரு குரல் கிடைத்தால் அது கட்சிகள் தரும் இடத்தைப் பொறுத்தது.

அதனால் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை, உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கிறது என்பது வேறு விஷயம். வரைவுத் திட்டங்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்கள்தான் உங்களுக்கு முக்கியம். அப்போது எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபம் பதிவாகும். தெருவே சேர்ந்து, மனை எண்ணோடு, "இந்த இடத்தில் இது வேண்டாம், இந்தக் காரணத்தால்" என்று எழுதுங்கள். திட்டம் அரசிதழில் ஏறிய பிறகு நடத்தும் மறியலைவிட அந்த ஒரு பக்கக் கடிதம் அதிகம் சாதிக்கும்.

ஒட்டுச்சுவரில் ஓவியம் வரைய இளைஞர்கள் கேட்கிறார்கள். சுவர் என்னுடையது, சம்மதித்தால் போதுமா?

போதாது, மன்றத்தின் அனுமதியும் வேண்டும். 2012இல் லெபோ ஆர்மீனியனில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியம் வந்தது. அதைப் பார்த்து ஊரெல்லாம் வரையத் தொடங்கிவிட்டார்கள், எல்லாம் அந்தத் தரத்தில் இல்லை. எண்ணெய்ச் சாயம் சுவரின் மூச்சை அடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

பக்கத்து வீட்டு மேல்மாடியில் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், நாள் முழுக்கப் பறவைச் சத்தம் ஒலிபெருக்கியில். என்ன செய்வது?

கூட்டை விற்பதற்காக உழவாரன் குருவி வளர்க்கிறார்கள். பாரம்பரியப் பகுதியில் இத்தகைய வளர்ப்பு வீடுகளை 2013 முடிவுக்குள் மூட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். உள்ளே வேண்டுமென்றே ஈரத்தைக் கூட்டுவதால் பொதுச்சுவர் வழியே உங்கள் பக்கமும் கெடும். தேதியோடு படம் எடுத்து மன்றத்துக்குப் புகார் கொடுங்கள்.

வாங்கிய கடைவீட்டில் முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் நடுமுற்றத்தை மூடி மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார். நான் மாட்டிக்கொள்வேனா?

அனுமதியில்லா மேம்பாட்டுக்கு நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நீங்கள் செய்யவில்லை என்றாலும் கட்டடம் இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது. சீர்செய்யச் சொல்லும் அறிவிப்பு உங்களுக்கே வரும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். கொள்முதல் ஒப்பந்தத்தின் தேதி, வாங்கும்போது எடுத்த படங்கள், ஒரு கட்டடக் கலைஞரின் அளவு வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மன்ற அலுவலகம் இருக்கும் கொம்தாருக்கு நீங்களாகவே போங்கள்.

தகரத்தை எடுக்கச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன், எடுப்பது உங்களுக்கும் நல்லது. நடுமுற்றம் அடைபட்ட கடைவீட்டில் சூடான காற்று மேலே போக வழியின்றித் தங்கிவிடும். மின்கட்டணத்தில் அதைக் கண்டிருப்பீர்கள். மழைதான் கவலை என்றால், முற்றத்தின் விளிம்புக்கு மேலே உயர்த்தி, பக்கங்களில் காற்று போகும்படி கண்ணாடிக் கூரை போட வரைபடம் கொடுத்துக் கேளுங்கள். மறுத்தால், முடிவு கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கடித உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல் தேதி முத்திரை இருக்கும்.