ஏறுகிற சந்தையில் ஷார்ட் போகலாமா?

கேள்வி: சார், மாதக்கணக்கில் சந்தை ஏறிக்கொண்டே இருக்கிறது. டீக்கடையில்கூட ஷேர் பேச்சுதான். இது கண்டிப்பாக இறங்கும் என்று தோன்றுகிறது. நிஃப்டி ஃபியூச்சரில் ஷார்ட் போகலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். ஷார்ட் என்றால் விலை இறங்கும் என்று நம்பி முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குவது; ஃபியூச்சர் என்றால் பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். உங்கள் கணிப்பு தப்பு என்று சொல்லவில்லை, இறங்கலாம். ஆனால் எப்போது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஃபியூச்சரில் அந்த 'எப்போது'தான் எல்லாமே, ஏனென்றால் அன்றன்றைய நஷ்டத்தை அன்றன்றே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், மார்ஜின் (புரோக்கரிடம் கட்டிவைத்த முன்பணம்) தீர்ந்தால் நீங்கள் கேட்காமலே போசிஷனை முடித்துவிடுவார்கள்.

2009 மே மாதத்தைச் சொல்கிறேன். மார்ச் 9 அன்று 8,160-இல் இருந்த சென்செக்ஸ் மே 15 அன்று 12,173-க்கு வந்திருந்தது. இரண்டே மாதத்தில் இவ்வளவு ஏற்றம், போதாததற்குத் தொங்கு நாடாளுமன்றம் வருமோ என்ற பயம் வேறு. இனி இறக்கம்தான் என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தது. சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்தது. திங்கள், மே 18, சந்தை திறந்த சில விநாடிகளில் அப்பர் சர்க்யூட் (ஏற்றத்துக்கு வைத்த வரம்பு), வர்த்தகம் நிறுத்தம். மறுபடி திறந்தார்கள், மறுபடி சர்க்யூட், அன்றைக்கு அதோடு மூடிவிட்டார்கள். சென்செக்ஸ் 2,110 புள்ளி மேலே, நிஃப்டி 651 புள்ளி மேலே. அப்போது நிஃப்டி ஒரு லாட் (ஃபியூச்சரில் எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு) 50, அதாவது ஷார்ட்டில் இருந்தவருக்கு லாட்டுக்குக் கிட்டத்தட்ட 32,500 ரூபாய் நஷ்டம். ஸ்டாப் லாஸ் (நஷ்டம் இவ்வளவு ஆனதும் வெளியேற முன்கூட்டியே போடும் ஆர்டர்) போட்டிருந்தாலும் விற்க ஆள் இல்லாதபோது அது எப்படி வேலை செய்யும்?

இன்னொன்றும் கவனியுங்கள். ஷார்ட் போனவர் ஒவ்வொருவரும் பின்னால் வாங்கியே ஆகவேண்டியவர். விலை ஏற ஏறப் பயந்துபோய் அவர்கள் வாங்குவதே (ஷார்ட் கவரிங் என்பது இதுதான்) விலையை இன்னும் மேலே தள்ளும். அதனால்தான் நம்பாதவர்கள் நிறைய இருக்கிற ஏற்றம் சட்டென்று நிற்பதில்லை. சரி, எல்லாரும் நம்பிவிட்டார்கள், டீக்கடை வரை வந்துவிட்டது என்றால்? அது எச்சரிக்கைதான், ஆனால் அதில் தேதி எழுதியிருக்காது. 2021 ஜனவரியில் சென்செக்ஸ் முதல்முறை 50,000 தொட்டபோதே ரொம்ப அதிகம் என்றவர்கள் உண்டு. அக்டோபரில் அது 62,000-ஐயும் தாண்டியது.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது. விலை அதிகம் என்று நினைத்தால் கையில் இருக்கிற பங்கில் ஒரு பகுதியை விற்றுப் பணமாக வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். இல்லை, இறங்கும் என்று பந்தயம் கட்டியே தீருவேன் என்றால் புட் ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்குங்கள், நஷ்டம் அதற்குக் கட்டும் பிரீமியத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்த பிரீமியமும் நாளாக நாளாகக் கரையும், மொத்தமும் போகலாம்.

கேள்வி: ஒரு சின்ன கம்பெனி பங்கைக் கையில் இல்லாமலே இன்ட்ராடேயில் (அன்றே திரும்ப வாங்கி முடிக்கும் வர்த்தகம்) விற்றேன், அப்பர் சர்க்யூட் அடித்துவிட்டது, திரும்ப வாங்க முடியவில்லை. ஏலம் என்று சொல்லிப் பெரிய தொகையைப் பிடித்துவிட்டார்கள். இது நியாயமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: விதிப்படி சரிதான். உங்களிடம் வாங்கியவருக்குப் பங்கு போய்ச்சேர வேண்டும், உங்களிடம் அது இல்லை, அதனால் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த விலையை உங்கள் தலையில் கட்டுகிறது. 5, 10, 20 சதவீத தினசரி விலை வரம்பு உள்ள சின்ன பங்குகளில் ஷார்ட் போகவே கூடாது என்பேன். ஏலத்தில் என்ன விலை என்ற விவரத்தைப் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பிடித்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாமல் இருந்து புரோக்கரும் சரியான பதில் தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள்.