1841இல் 35 வயது என்றால் 35 இல்லை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பண்ணைக்கூலி ஒருவருக்கு 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 35, ஆனால் அவர் வாழ்ந்த பாரிஷின் (தேவாலயப் பங்கின்) 1806 ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆளே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த வயதை நம்பாதீர்கள். அந்தக் கணக்கெடுப்பில் 15க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், ஆக அவருக்கு 39கூட ஆகியிருக்கலாம், 1801இலிருந்து தேடுங்கள்.

அப்புறம், 1851இலும் அவர் உயிரோடு இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். 1841இல் 'இதே கவுண்டியில் (மாவட்டத்தில்) பிறந்தவரா' என்பதோடு சரி, 1851இல்தான் பிறந்த பாரிஷின் பெயரே வரும். பக்கத்து ஊராக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பண்ணையாட்கள் வேலைக்காக ஊர் ஊராக மாறியவர்கள்.

அங்கும் கிடைக்காவிட்டால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பதிவேட்டு நகல்களையும், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) அல்லாத சபைகளின் பதிவேடுகளையும் பாருங்கள். எனக்குப் பிடித்தது என்னவோ ஏழை நிவாரண விசாரணைத் தாள்கள்தான். உதவி கேட்டவருக்கு எந்தப் பாரிஷ் பொறுப்பு என்று பார்க்க, எங்கே பிறந்தாய், யாரிடம் முழு வருடம் வேலை பார்த்தாய் என்று நீதிபதிகள் துருவித் துருவிக் கேட்டு எழுதிவைத்திருப்பார்கள். வில்ட்ஷயர் ஆவணங்கள் இருக்கும் சிப்பன்ஹாம் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். குடும்பப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாகத் தேடுங்கள்.