வட்டிக்காரர் ஏன் அப்படிச் சிரிக்கிறார்?

அன்புள்ள ஐயா,

சிறுகதை எழுதிப் பழகுகிறேன். என் கதையில் வரும் வட்டிக்காரர் பழைய சினிமா வில்லன் மாதிரி சிரிக்கிறார் என்கிறார்கள் நண்பர்கள். கதாநாயகியிடமோ ஒரு குறைகூட இல்லையாம். நிஜ மனிதர்களைப் பார்த்து எழுதலாமென்றால், அவ்வளவு கொடியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எங்கே தேடுவது?

பா.

அன்புள்ள பா.,

கொடியவரை விடுங்கள். தன் பக்கம்தான் நியாயம் என்று மனதார நம்புகிறவரைத் தேடுங்கள், தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள்.

கீழத்தஞ்சையில் உள்ள கீழ்வெண்மணி கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நிலபுலன் உள்ளவர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்கள் இல்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. பணக்காரர் என்றால் ஆளைத்தான் ஏவுவார், தானே வரமாட்டார் என்று மனதில் ஏற்கெனவே இருந்த ஒரு எண்ணம், சாட்சிகள் சொன்னதைத் தோற்கடித்துவிட்டது. உங்கள் வட்டிக்காரரும் அப்படி ஏற்கெனவே இருந்த எண்ணத்திலிருந்து வந்தவர்தான். நீங்கள் யாரையும் பார்த்து அவரை எழுதவில்லை. அந்த மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒரு சங்கமே இருந்தது. தங்களுக்குத்தான் அநியாயம் நடக்கிறது என்று அங்கே எப்படியெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்? எழுதுகிறவர் போய் உட்கார வேண்டிய இடம் அது.

கதாநாயகிக்கும் அங்கேயே ஆள் இருக்கிறார். அந்தப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்த காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், நிலவுடைமையாளர்களிடமே போய் நிலத்துக்கு விலை பேசினார். 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற நில உரிமை இயக்கத்தின் வழியாகக் கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமற்ற பெண்களின் பேரில் பத்திரம் பதிய வைத்தார். அந்த ஊர்களில் உட்கார்ந்து விலை பேச எவ்வளவு கசப்பை விழுங்கியிருக்க வேண்டும்! குறையே இல்லாத உங்கள் பெண்ணுக்கு விழுங்குவதற்கு எதுவுமே இல்லை.

வட்டிக்காரர் அவள் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கட்டும், நிஜமான பிரியத்தோடு. மறுநாள் காலையில் அவளுடைய தையல் மெஷினைத் தூக்கிவர ஆள் அனுப்பட்டும். அவள் வட்டிக்குத் தவணை கேட்டு ஒரு சின்னப் பொய் சொல்லட்டும்.

தெரிந்தவரிடமிருந்து எடுத்தால் தொழில், உறவு, ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கணக்குப் பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் இருந்தால், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.