மெங் ஜியாங்நு அழுது பெருஞ்சுவர் இடிந்த சீனக் கதை எந்த மதிப்பைப் போற்றுகிறது?

‘கற்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி.

இன்று சொல்லப்படும் கதை இது: கல்யாணமான சூட்டோடு சின் பேரரசின் (கி.மு. 3-ஆம் நூற்றாண்டு) ஆட்கள் கணவனைச் சுவர் கட்டப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குளிருக்கு உடை தைத்து எடுத்துக்கொண்டு மனைவி மெங் ஜியாங்நு தேடிப் போகிறாள். அவனோ செத்து, சுவருக்குள் புதைந்து கிடக்கிறான். அவள் அழுத அழுகையில் சுவர் சரிகிறது, எலும்புகள் வெளியே வருகின்றன.

இதன் வேர் சின் பேரரசுக்கும் முந்தையது. காலத்துக்குக் காலம் அடுக்கடுக்காக வளர்ந்த கதை இது. இந்த அடுக்குகளை 1924-ல் பிரித்துக் காட்டியவர் வரலாற்றறிஞர் கு ஜியேகாங். ‘ட்சோ ஜுவான்’ என்ற பழைய வரலாற்று நூலில், கி.மு. 550-ல் போரில் இறந்த சி லியாங் என்ற வீரனின் மனைவி வருகிறாள். மன்னர் ஊருக்கு வெளியே வைத்துத் துக்கம் விசாரிக்கிறார். அது முறையல்ல என்று அவள் ஏற்க மறுக்கிறாள். மன்னர் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார். அழுகையும் இல்லை, சுவரும் இல்லை! அங்கே பெரிது, முறைமை.

கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் லியு சியாங் என்ற அறிஞர் தொகுத்த நூலில் அவள் அழ, நகரச் சுவர் இடிகிறது. பிறகு ஆற்றில் விழுந்து உயிர்விடுகிறாள். பத்தினிக் கதை இங்கேதான் பிறக்கிறது. சின் பேரரசின் சுவர் கதைக்குள் நுழைவது தாங் அரசமரபின் காலத்தில் (கி.பி. 7–10-ஆம் நூற்றாண்டு). எல்லைக் காவலுக்கு ஆண்கள் போய்த் திரும்பாத காலம் அது. ஆளும் அரசைத் திட்ட முடியாத ஜனங்கள், எப்போதோ செத்த பேரரசனைத் திட்டிக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.