மற்றவருக்குக் கிடைத்த கிருபையில் மகிழ முடிகிறதா? - கேள்வி பதில்

கேள்வி: போன வருஷம் இரட்சிக்கப்பட்ட ஒரு தம்பிக்கு வாலிபர் கூட்டப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். பத்து வருஷமாக உழைக்கிற எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை, ஐயா.

மத்தேயு 20-இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை நிதானமாக வாசியுங்கள், தம்பி. விடியற்காலையில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேசிய கூலி ஒரு பணம். கொடுத்ததும் ஒரு பணம். யாருக்கும் கூலி குறையவில்லை. மாலை ஐந்து மணிவாக்கில் வந்தவனுக்கும் அதே பணம் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் முறுமுறுப்பு. பிந்தி வந்தவர்கள் தொடங்கிக் கொடுக்கச் சொன்னதே எஜமான்தான். முந்தினவர்களை முதலில் அனுப்பியிருந்தால் அவர்கள் திருப்தியாகவே வீட்டுக்குப் போயிருப்பார்கள். நெஞ்சுக்குள் இருந்த கணக்கு வெளியே வந்திருக்காது. உங்களுக்கும் இப்போது அதுதான் வெளியே வந்திருக்கிறது. அதை மறைக்காமல் அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள்.

பிறகு ஒரு வாரம், தினமும் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவரிடம் தேவன் செய்த ஒரு காரியத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள். "அவரை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் அசையாது. விட்ட குடி, ஒப்புரவான அண்ணன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்காணி, அதாவது சபையை நடத்துகிறவர், நூதன சீஷனாக, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக, இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது. பொறுப்பு சீக்கிரம் வந்துவிட்டதே என்பது உண்மையான கவலையானால் போதகரிடம் நேரில் பேசுங்கள். மற்றவர்களிடம் பேசத் தோன்றினால் அது பொறாமை.

கேள்வி: குறை நிறைய உள்ளவரிடம் கிருபையை எப்படிப் பார்ப்பது?

கொரிந்து சபையில் கட்சி, வழக்கு, வேசித்தனம், பந்தியில் ஒழுங்கீனம் எல்லாம் இருந்தன. பவுல் எதையும் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 1:4-இல் அவர்களுக்கு அளிக்கப்பட்ட தேவகிருபைக்காக ஸ்தோத்திரித்த பிறகே, 1:10-இல் கண்டிப்புக்கு வருகிறார். வரிசை மாறினால் கண்டிப்பு கசப்பாகிவிடும். அந்தியோகியாவில் பர்னபாவும் கிருபையைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டார், பின்பு புத்தி சொன்னார் (அப்போஸ்தலர் 11:23). அதோடு நிற்காமல் தர்சுவுக்குப் போய்ச் சவுலை, அதாவது பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவரை, தேடி அழைத்து வந்தார். தன்னைவிடப் பெரிதாக வளரப்போகிறவரைத் தானே கூட்டிவந்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: எட்டு வருஷமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறேன். பிள்ளை பிறந்த வீட்டு ஸ்தோத்திரக் கூட்டங்களில் உட்கார முடியவில்லை.

சகோதரி, ரோமர் 12:15-இல் இரண்டு கட்டளை உண்டு. சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படுங்கள் என்பது உங்களுக்கு என்றால், அழுகிறவர்களோடு அழுங்கள் என்பது உங்கள் சபைக்கு. பிள்ளையில்லாதிருந்த அன்னாள் ஆலயத்தில் மனங்கசந்து அழுதாள் (1 சாமுவேல் 1). அதற்காகக் கர்த்தர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கூட்டம் முழுவதும் இருக்க வேண்டும் என்றில்லை. இன்னொரு நாள் தனியாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்து ஜெபித்துவிட்டு வாருங்கள். கண்ணீரோடு ஜெபித்தாலும் அது சந்தோஷப்படுவதுதான்.

கேள்வி: தேவன் எனக்குச் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்னால் அது பெருமையாகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது.

ஐந்து நிமிஷத்துக்குள் முடியுங்கள். பழைய பாவத்துக்கு ஒரு நிமிஷம் போதும். பலரும் அங்கேதான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். தேவன் செய்ததை விவரமாகச் சொல்லுங்கள். இன்னும் போராடுகிற ஒன்றையும் சொல்லி, அதற்காக ஜெபிக்கக் கேளுங்கள்.