பக்கத்து மேசை அக்கா

கேள்வி: நான் உண்டு, என் வேலை உண்டு என்று அலுவலகத்தில் இருக்கிறேன். மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மாலையானால் காரணமே தெரியாத சோர்வு. வேலையிடத்தில் நட்பு அவசியமா?
- ஒரு வாசகி

பதில்: அவசியம்தான், சகோதரி. கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். ஒருநாள் ஆண்டு இறுதிக் கணக்கு இடித்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து மேசை அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வாம்மா, சேர்ந்து பார்ப்போம்" என்றார். அரை மணி நேரத்தில் பிழை அகப்பட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், எனக்கு அதுதான் பெரிது. இருபது வருடம் கழிந்தும், ரத்த அழுத்த மாத்திரை போட்டாயா என்று கேட்பவர் அவர்தான்.

2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 148 ஆய்வுகளில் இருந்த 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அது எல்லா உறவுகளையும் பற்றியது. ஆனால் பகல் முழுக்க நாம் இருப்பது அலுவலகத்தில்தானே?

எல்லாரோடும் ஒட்ட வேண்டாம். நாளை மதியம் ஒரே ஒருவரிடம், "உங்களோடு உட்காரலாமா?" என்று கேளுங்கள். அப்புறம், அந்தச் சோர்வு நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள்.